பூட்டிய கடைக்கு எதற்கு ஒப்பந்தம்

மகளுக்கு,

நலம் விசாரிக்கும் சடங்கை இந்த முறை விட்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ நேரில் வந்து, உன் அம்மா வைத்த கறியை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டதைக் கண்ணால் பார்த்தேன், சுகமாகத்தான் இருக்கிறாய். புறப்படும்போது மேசையில் ஒரு பைலை வைத்து, "அப்பா, நேரம் கெடைக்கிறப்ப ஒருக்கா பாத்து வைங்க, இன்னும் பத்து நாள்ல அச்சுக்குப் போகுது" என்றாய். ஓய்வுபெற்றவனுக்கு நேரம் கிடைப்பதா பெரிய காரியம்? பார்த்தேன். முதலாம் பக்கத்திலிருந்து அறுபத்திரண்டாம் பக்கம் வரை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குத் தாவிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்றில்லை. உன்னோடு வேலை செய்கிற எல்லாருக்கும் வாசித்துக் காட்டு. மறைக்க என்னிடம் இனி ஒன்றும் இல்லை. மறைத்ததெல்லாம் கீழே வருகிறது.

கேட்கப்போவதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பதினான்காம் பக்கத்தை எடுத்துவிடு. மற்ற அறுபத்தொரு பக்கத்தையும் நீ அச்சடித்தாலும் ஒன்றுதான், அச்சடிக்காவிட்டாலும் ஒன்றுதான். அவற்றால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை, ஏனென்றால் அவற்றை ஒருவரும் வாசிக்கப்போவதில்லை. பதினான்காம் பக்கம் அப்படியல்ல. இங்கே கெலிஓயாவில் ஒரு துணிக்கடையின் பின்னறையில் வெள்ளிக்கிழமை மத்தியானம் நடக்கிற பெண்கள் வகுப்பை, கண்டியில் ஒரு மண்டபத்துக்கு, சனிக்கிழமை காலைக்கு மாற்றுவதாக அதில் எழுதியிருக்கிறாய். மாற்றினால் மூன்று கிழமையில் அது செத்துவிடும். எப்படித் தெரியும் என்று கேட்பாய். இதே வகுப்பை இருபது வருடத்துக்கு முன் நான் ஒரு தரம் கொன்றிருக்கிறேன்.

அதற்கு முன் உன் திட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. "கற்கும் நகரம்" என்று பெயர் வைத்திருக்கிறாய். மழை பெய்தால் எந்த வீதியில் தண்ணீர் நிற்கும் என்பதையே ஒவ்வொரு மழைக்கும் புதிதாகக் கற்கிற நகரம் கண்டி; அந்த அளவில் பெயர் பொருத்தம்தான். மூன்றாம் பக்கத்தில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றிப் பதினொரு சின்ன வட்டங்கள், எல்லாவற்றிலிருந்தும் நடுவட்டத்தை நோக்கி அம்புகள். நடுவட்டத்தில் "கற்பவர்" என்று எழுதியிருக்கிறாய். பதினொரு திசையிலிருந்தும் அம்பு பாய்கிற இடத்தில் நிற்கிற ஆள் என்ன பாடு படுவான் என்று யோசித்தாயா? அந்தப் பதினொரு பங்காளரும் யார்? ஒரு வங்கி, ஒரு ஹோட்டல், பட்டம் விற்கிற ஒரு தனியார் நிறுவனம், மரக்கன்று நட்டுப் படம் பிடித்துக்கொள்கிற சீமாட்டிகளின் கழகம், இப்படியே போகிறது. எல்லாரிடமும் தலைப்புப் போட்ட கடிதத்தாள் இருக்கிறது, றப்பர் சீல் இருக்கிறது. வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும்போது கதவைத் திறந்துவிட ஒரு சாவி மட்டும் எவரிடமும் இல்லை. உன் கூட்டங்களுக்கு இவர்கள் தங்கள் நாலாம் படியில் இருக்கிற அதிகாரியை அனுப்புவார்கள். அவர் ஒரு பெட்டிஸும் ஒரு ரோல்ஸும் சாப்பிட்டு, "எங்கள் பூரண ஒத்துழைப்பு உண்டு" என்று சொல்லி, டிஷூவில் கையைத் துடைத்துக்கொண்டு போவார். அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் அந்த ரோல்ஸுக்கு ஓடர் கொடுத்தவன் நான். எனக்கே கதை சொல்லாதே.

ஆங்கிலப் பிரதி தயார், சிங்களப் பிரதி தயார் (என் கையில் இருப்பது அதுதான்), தமிழ்ப் பிரதி "பின்னர் இணைக்கப்படும்" என்று போட்டிருக்கிறாய். அந்த வசனத்தை என் கையால் எத்தனை கோவைகளில் எழுதினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. பின்னர் என்றால் எப்போது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேட்க வேண்டியவர்களுக்கு அந்த வசனம் எழுதப்பட்ட மொழி தெரியாது. உத்தியோகத்தில் எனக்கு அது பெரிய வசதியாக இருந்தது. உனக்கும் இருக்கும்.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். முன்னுரையில் எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாயே, அதுதான் நெஞ்சில் குத்தியது. "எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு புகைப்படமே இந்தச் சிந்தனைக்கு வித்து" என்கிறாய். அந்தப் படம் எனக்குத் தெரியாதா? நான் கோட் போட்டு ஒரு பிரமுகரின் கையிலிருந்து கேடயம் வாங்குகிறேன். பின்னால் பன்னிரண்டு பெண்கள் ஆளுக்கொரு சான்றிதழோடு நிற்கிறார்கள். இரண்டாம் வரிசையில் இடது ஓரம் உன் அம்மா. பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளைக் கூட்டிவந்து நீ அதைக் காட்டும்போதெல்லாம் நான் பக்கத்து அறையில் பேப்பரை விரித்துக்கொண்டு கேட்காதவன் மாதிரி இருப்பேன். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்தச் சான்றிதழ்கள் பாடம் தொடங்கிய அன்றே கொடுக்கப்பட்டவை. பிரமுகருக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் நேரம் இருந்தது. ஆகவே முடிவு விழாவைத் தொடக்க விழாவோடு சேர்த்து நடத்திவிட்டோம். யோசனை என்னுடையது. நல்ல யோசனை என்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள்.

அந்த வகுப்பு அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் நான் செய்தது விளங்கும். கெலிஓயாக் கடைத்தெருவில் பாதிக் கடைகள் முஸ்லிம்களுடையவை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி தாண்டியதும் ஷட்டர்கள் இறங்கும். முதலாளியும் வேலைக்கு நிற்கிற ஆண்களும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை, ஒன்றே முக்கால் வரை கடை பூட்டியிருக்கும். சேல்ஸுக்கு நிற்கிற பெண்பிள்ளைகள் மட்டும் உள்ளே இருப்பார்கள். சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, துணிக்கட்டுகளில் சாய்ந்துகொண்டு, மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கிடப்பார்கள். உன் அம்மா அந்தத் துணிக்கடையில் சேலைப் பகுதியில் நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அங்கே மெனிக்கே என்று ஒரு சிங்களப் பெண்ணும் நின்றாள். ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து உனக்குச் சிங்களத்தில் வந்த ஒரு அறிவித்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்க, மெனிக்கே பக்கத்தில் உட்கார்ந்து எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். பதிலுக்கு அவள் தன் பெயரைத் தமிழில் எழுதப் பழகினாள். அவ்வளவுதான் தொடக்கம். விளக்கேற்றவில்லை, ஒருவரும் பேசவில்லை. இரண்டு மாதத்தில் பக்கத்துக் கடைப் பெண்களும் பின்கதவால் வரத் தொடங்கி, பன்னிரண்டு பேர் ஆனார்கள். பாதிப் பேர் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறவர்கள். ஒரே ஒரு விதி இருந்தது. வீட்டில் வாசிக்க முடியாமல் கிடக்கிற காகிதம் ஒன்றை ஒவ்வொருத்தியும் கொண்டுவர வேண்டும். கிளினிக் துண்டோ, மின்சார பில்லோ, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதமோ, அன்றைக்கு அதுதான் பாடப்புத்தகம்.

அந்த ஒன்றரை மணி நேரத்தின் அருமை இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அது ஒருவருக்கும் கணக்கில் இல்லாத நேரம். முதலாளிக்கு அது பூட்டிய நேரம், புருஷனுக்கு அது பெண்சாதி வேலைக்குப் போயிருக்கிற நேரம், மாமியாருக்கும் அப்படியே. ஆகவே அதை ஒருவரிடமும் கேட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை. "படிக்கப் போறேன்" என்று ஒருத்தி வீட்டில் சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்கு ஒரு உதாரணம் வேண்டுமா? தூரத்தில் தேடாதே. உன் அம்மா என்னிடம் சொன்னாள். "வெள்ளிக்கெழமையில நாங்க கொஞ்சம் பேரு சிங்களம் எழுதிப் பழகுறோம்ங்க" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "ஏன், வாசிக்கத் தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்டுல இருக்கேனே, பத்தாதா?" என்றேன். பிறகு சிரித்தேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வகுப்பைப் பற்றி அவள் என்னிடம் பேசவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாசிக்கத் தெரிந்தவனாக இருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. பக்கத்தில் தெரியாதவர்கள் இருந்தால்தான் அந்தச் சுகம் கிடைக்கும். கந்தோரில் என் மேசைக்கு முன்னால் நம் ஆட்கள் விண்ணப்பப் படிவத்தைப் பிடித்துக்கொண்டு, "கிளாக்கரையா, இதக் கொஞ்சம் நெரப்பித் தாங்களேன்" என்று நிற்பார்கள். நான் உடனே வாங்கமாட்டேன். பேனா மூடியைக் கழற்றுவேன், மாட்டுவேன், ஜன்னலைப் பார்ப்பேன், பிறகு பெரிய தர்மம் செய்கிறவன் மாதிரி கையை நீட்டுவேன். வீட்டிலும் அதே உத்தியோகம் பார்த்தேன். உன் அம்மாவுக்கு வந்த கடிதங்களை அவளுக்கு முன்னால் நானே பிரித்தேன், அவள் சார்பில் நானே பதில் எழுதினேன், புள்ளடி போட்ட இடத்தில் அவளைக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். இதைவிடக் கேவலமான ஒரு சின்ன ராஜாங்கம் உலகத்தில் இருக்குமா என்று இப்போது யோசிக்கிறேன்.

அந்த வருடம் கந்தோரில் முதியோர் கல்விக் கோவை என் மேசைக்கு வந்தது. முதியோரும் இல்லை, கல்வியும் இல்லை, கோவை மட்டும் இருந்தது. மேலதிகாரி கூப்பிட்டு, "வெற்றிகரமான வகுப்பு ஒன்றை இரண்டு மாதத்துக்குள் காட்ட வேண்டும்" என்றார். இல்லாத வகுப்புக்கு எங்கே போவது? எனக்கு உன் அம்மாவின் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அடுத்த நாளே அதை எழுதிக் கொடுத்துவிட்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டிக்குச் சம்பளமும் பதவி உயர்வும் கிடைத்தன என்பது மட்டும் பழமொழியில் இல்லாத சங்கதி.

பங்காளர்கள் ஐந்து பேரைப் பிடித்தேன். ஆறாவதாகக் கடை முதலாளி ஹாஜியாரையும் சேர்க்க வேண்டும் என்று நாலு பக்க ஒப்பந்தத்தோடு போனேன். அவர் அதை வாங்கி, வாசிக்காமல், மேசையில் வைத்தார். "கிளாக்கரையா, வெள்ளிக்கிழம கட பூட்டித்தான் ஈக்கிது. பூட்டின கடைக்கு எதுக்கு ஒப்பந்தம்?" என்றார். இடத்துக்குப் பொறுப்பாளி யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும் என்றேன். "பொறுப்புன்னு எழுதினா நான் வக்கீலக் கேக்கணும். வக்கீலக் கேட்டா வாணாம்னுதான் சொல்லுவார். எழுதாம ஈந்தா புள்ளைங்க பாட்டுக்குப் படிச்சிட்டுப் போவாங்க. விட்டுருங்களேன்" என்றார். அந்த மனிதர் நாலு வசனத்தில் சொன்னதை உன் அறுபத்திரண்டு பக்கத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. நான் விடவில்லை. கையெழுத்து இல்லாத இடத்தில் அரசாங்க வகுப்பு நடக்க முடியாது என்று சட்டம் பேசி, வகுப்பைக் கண்டி மண்டபத்துக்கு, சனிக்கிழமைக்கு மாற்றினேன். சனிக்கிழமையில் துணிக்கடையில் எத்தனை கூட்டம் நிற்கும் என்று ஒரு கடைக்காரியின் புருஷனுக்குத் தெரியாமலா இருந்தது? தெரியும். யோசிக்கவில்லை.

அதோடு விட்டேனா? பன்னிரண்டு பேருக்கும் வீட்டு விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் அழைப்புக் கடிதம் அனுப்பினேன். சிங்களத்தில். சிங்களம் வாசிக்கத் தெரியாதென்றுதானே இவர்கள் வகுப்புக்கே வந்தார்கள்? கடிதத்தை வாங்கியவர்கள் அதை வாசிக்கக்கூடிய ஆளைத் தேடிப் போனார்கள். புருஷனிடமும், அண்ணனிடமும், தோட்டத்து லயத்தில் இருக்கிற கங்காணியிடமும் போனார்கள். ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றரை மணி நேரம் ஒரே வாரத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோனது. "வேலைக்குன்னு சொல்லிட்டு இதுக்கா போற?" என்று ஆரம்பித்து, விழா முடிந்த பிறகு ஒரு வீட்டில் பெண்ணின் வேலையையே நிறுத்திவிட்டார்கள். முதல் சனிக்கிழமை விழாவும் சான்றிதழும் படமும். அன்றைக்கு எல்லாரும் ஒரு நாள் லீவு போட்டு வந்தார்கள், படத்தில் நிற்க ஆள் வேண்டும் என்று நான்தான் கெஞ்சினேன். இரண்டாம் சனிக்கிழமை ஐந்து பேர்; கொழும்பிலிருந்து ஒருவர் வந்து திரையில் படம் காட்டித் தலைமைத்துவம் பற்றிப் பேசினார். மூன்றாம் சனிக்கிழமை மண்டபத்துக் காவல்காரர் மட்டும் இருந்தார். நான் அறிக்கையில் "இலக்கு எட்டப்பட்டது" என்று எழுதி, கோவையைக் கட்டி, அலுமாரியில் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை திரும்பப் பழையபடி நடந்திருக்கலாமே என்பாய். நடக்கவில்லை. காட்டிக்கொடுத்தது யார் என்ற கேள்வி வந்துவிட்டது. வேறு யாரைச் சொல்வார்கள்? "கிளாக்கர் பொண்டாட்டிதான் சொல்லியிருப்பா" என்றார்கள். அந்தக் கடையில் அதற்குப் பிறகு ஏழு வருடம் உன் அம்மா வேலை செய்தாள். வெள்ளிக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்று அவள் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேடயத்தை மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் துடைத்துவைத்தாள். அவளுக்கு என்மேல் எந்த மனக்குறையும் இல்லை என்று நான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைவிடப் படித்த முட்டாளை நீ பார்த்திருக்கமாட்டாய்.

இரண்டு வருடத்துக்கு முன் மெனிக்கே நம் வீட்டுக்கு வந்தாள். ஹாஜியார் காலமாகி, இப்போது மகன் கடையை நடத்துகிறான்; மெனிக்கேதான் அங்கே மூத்தவள். புதிதாக வந்த பெண்பிள்ளைகள் வெள்ளிக்கிழமையில் போனைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மறுபடியும் தொடங்கியிருக்கிறாள். பழைய பேச்சையெல்லாம் மறந்து உன் அம்மாவைக் கூப்பிட வந்தாள். "அக்கா வாங்க. பாதியில நின்ன எடத்துலேருந்து படிப்போம்" என்றாள். பிறகு கதிரையில் உட்கார்ந்திருந்த என்னை ஒரு பார்வை பார்த்து, நான் அங்கே இல்லாதது மாதிரி, "இந்த மொற மாத்தயாகிட்ட ஒண்டும் சொல்ல வேணாம்" என்றாள். எனக்கு முன்னாலேயே. உன் திட்டத்துக்கு ஆலோசகர் வேண்டுமென்றால் அவளைப் பிடி. ஆனால் அவள் வரமாட்டாள்.

ஆமாம், உன் அம்மா அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணும்போதெல்லாம் "கோயிலுக்குப் போயிருந்தேன்" என்று சொன்னாளே, அது பொய். உனக்குச் சொல்லவேண்டாம் என்று என் வாயைக் கட்டியிருந்தாள். "முழுசா வாசிக்க வரட்டுங்க. ஒரு நாளைக்கு அவ எழுதுனத அவ முன்னாலயே வாசிச்சுக் காட்டுறேன்" என்றாள். அறுபத்தொரு வயதில் அவளுக்கு இருக்கிற ஆசை இவ்வளவுதான். உன் கணக்கெடுப்புப் பிள்ளைகள் எப்படியோ இந்த வகுப்பை மோப்பம் பிடித்து வந்து, கேள்வி கேட்டு, "வெற்றிகரமான முன்மாதிரி" என்று உனக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். நீ நேரில் ஒரு தரம் வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் துணிக்கட்டில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற உன் அம்மாவைப் பார்த்திருப்பாய்.

ஒரு நகரம் தன் சனங்களைப் படிக்கவைக்க என்ன செய்யலாம் என்று அறுபத்திரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். எனக்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு தெருவிலும் எந்தக் கதவு எந்த நேரத்தில் சும்மா பூட்டிக் கிடக்கிறது என்று நடந்து போய்ப் பார். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக் கடை, சாமிக்கு நடை சாத்திய பிறகு கோயில் மண்டபம், ஞாயிறு பூசை முடிந்தால் கிழமை முழுக்கக் காலியாகக் கிடக்கிற தேவாலயத்து அறை, பஸ் போன பிறகு நேரக்காப்பாளர் தூங்குகிற அறை. சாவி வைத்திருக்கிறவரோடு ஒரு பிளேன்டீ குடி. அவர்தான் பங்காளர், அவரிடம் கையெழுத்துக் கேட்காதே. கற்றுக்கொடுக்கிறவளும் எதையாவது கற்றுக்கொண்டு போகிற மாதிரி பார். வீட்டுக்குக் கடிதம் அனுப்பாதே. உன் நகரத்துக்கு ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்றால், கடைக்குப் பின்னால் இருக்கிற சந்தில் ஒரு மின்குமிழைப் போட்டுவிட்டு, சத்தம் போடாமல் விலகி நிற்கட்டும். விலகி நிற்பதற்கு விழா எடுக்க முடியாது என்பதுதான் உங்களுக்கெல்லாம் கஷ்டம். எனக்கும் அதுதான் கஷ்டமாக இருந்தது.

இனிப் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நீ ஞாயிற்றுக்கிழமை பைலைக் கொடுத்தாய். செவ்வாய்க்கிழமை நான் பதினான்காம் பக்கத்துக்கு வந்தேன். உன் அம்மாவிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். வெள்ளிக்கிழமை காலையில் பைலைப் பார்த்தால் அந்தப் பக்கத்தைக் காணவில்லை. எங்கேயோ நழுவியிருக்கும் என்று கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினேன். இரண்டு மணிக்கு உன் அம்மா வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துப் பைலுக்குள் வைத்தாள். கீழ்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மடித்திருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் உன் கையெழுத்தும் பெயரும் பதவியும் இருக்கிற இடம். நான் கேட்டேன், அவள் சொன்னாள்.

"கெலிஓயான்னு எழுதியிருந்திச்சுங்க. அத நானே வாசிச்சேன். நம்ம ஊரப் பத்திப் புள்ள என்னமோ எழுதியிருக்காளேன்னுதான் இந்த வாரத்துக் காகிதமா எடுத்துட்டுப் போனேன்" என்றாள். பெயரை ஏன் மடித்தாய் என்றேன். "எல்லாரும் வாசிச்சு முடிச்சப்புறம் பிரிச்சுக் காட்டி, இது எம் மக எழுதுனதுன்னு சொல்லலாம்னு" என்றாள்.

ஆளுக்கொரு வசனமாக வாசித்திருக்கிறார்கள். முதல் வசனம் வகுப்பைப் புகழ்ந்தது. பெண்கள் கை தட்டினார்களாம். மூன்றாவது வசனம் உன் அம்மாவின் முறை. அதுதான் சனிக்கிழமைக்கு மாற்றுகிற வசனம். "அது என்னான்னு முடிக்கிற வரைக்கும் எனக்கு வெளங்கலங்க. வாசிக்கிறதுலயே கவனமா இருந்தேன்" என்றாள். பிறகு கலஹாவிலிருந்து வருகிற சாந்தி என்கிற பிள்ளை, "சனிக்கெழம கடைய விட்டுட்டு யாரு வருவா? இத எழுதுனவளுக்கு வேல வெட்டின்னா என்னான்னு தெரியுமா?" என்றிருக்கிறாள். மெனிக்கே காகிதத்துக்குக் கையை நீட்டி, "யாரு எழுதினது, பேர் இருக்கா?" என்று கேட்டிருக்கிறாள். உன் அம்மா அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ்ஸில் யாரோ விட்டுப் போன காகிதம் என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு என்னிடம் என்ன சொன்னாள் தெரியுமா? "புள்ள நல்லாத்தாங்க எழுதியிருக்கா. நான் ஒரு எடத்துலயும் நிக்கல, கடகடன்னு வாசிச்சேன். அவகிட்ட இதச் சொல்லிறாதீங்க. மூணு மாசமா சோறு தண்ணி பாக்காம செஞ்சிருக்கா, மனசு விட்டுருவா" என்றாள்.

அவள் வாழ்க்கையில் பிறர் துணை இல்லாமல் தானே தடங்காமல் வாசித்த முதல் உத்தியோக வசனம் அது. என்னைப் பற்றியும், உன் பதினொரு பங்காளரைப் பற்றியும், கேடயம் கொடுத்தவனைப் பற்றியும் இந்தக் கடிதத்தில் வாய்க்கு வந்ததை எழுதிவிட்டேன், அதற்கு வெட்கப்படவில்லை. ஆனால் நேற்று அவள் அடுப்படியில் நின்றுகொண்டு, வருகிற வெள்ளிக்கிழமை போகப்போவதில்லை, முழங்கால் நோகிறது என்றாள். முழங்காலில் ஒன்றும் இல்லை. போனால் மறுபடியும் பெயரைக் கேட்பார்கள், பொய் சொல்ல வேண்டும், அதுதான். இருபது வருடத்துக்கு முன் என் பழியைச் சுமந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டவள் இப்போது உன் பெயரை மறைத்துக்கொண்டு வீட்டில் உட்காரப் பார்க்கிறாள். எனக்குத் தாங்கவில்லை, மகளே.

அதனால் அவளுக்குக் கொடுத்த வாக்கை மீறி இதை எழுதினேன். பதினான்காம் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவள் மடித்தது மடித்தபடியே இருக்கிறது, நான் பிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை லீவு போட்டு வந்து உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. யார் எழுதியது என்று அவர்கள் கேட்டதற்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. நீ போய்ச் சொல்.

அப்பா